ஐந்தாம் காலைத் தூக்கிய கதை

ஐந்தே நாளில் பேட்டரி படுத்துவிட்டது. புது பேட்டரி. 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி. யுபிஎஸ் பெட்டிக்குள் செங்கல் மாதிரி உட்கார்ந்திருக்குமே, அந்த ஈய அமில வகை. சித்தப்பா பெகுவிலிருந்து போன் போட்டு, "தம்பி, நீ வச்சிட்டுப் போன பெட்டி பேச்சு மூச்சு இல்லாம கெடக்குப்பா" என்றார். நான் இரங்கூனில் இருக்கிறேன். பெகு ஐம்பது மைல். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து, பஸ் பிடித்துப் போய், பெட்டியைக் கழற்றிக் கைலித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பேட்டரி மட்டுமே ஒன்றரை வீசை இருக்கும். இந்த எடையைக் கடைத்தெருவில் பர்மியத்தில் பெய்த்தா என்பார்கள். பாட்டி கடைசி வரை வீசை என்றுதான் சொன்னார்.

பெட்டி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபரில் பெகுவில் வந்த வெள்ளத்தில் சித்தப்பா வீட்டுக்குள் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஏறிவிட்டது. கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தபோதுதான் தெரிந்ததாம். அரிசி மூட்டை போயிற்று, தையல் மெஷின் போயிற்று. ஆற்றுத் தண்ணீர் கொல்லைப்புறக் கால்வாய் வழியாகத்தான் முதலில் வருகிறது. அங்கே ஒரு கம்பம் நட்டு, மேலிருந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு கருவி வைத்தால் அரை மணி நேரமாவது முன்னால் தெரியும் என்பது என் எண்ணம்.

உள்ளே இருப்பவை: எல்லாவற்றையும் நடத்தும் குட்டிக் கணினிச் சில்லு, அதாவது மைக்ரோகண்ட்ரோலர், ஏடிமெகா328பி உள்ள ப்ரோ மினி பலகை ஒன்று. ஒலி மோதித் திரும்புவதை வைத்துத் தூரம் அளக்கும் நீர் புகாத மீயொலி உணரி, ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி. குரல் பதிவை ஒலிக்க டிஎஃப்பிளேயர் மினி. 12 வோல்ட் சைரன். 12 வோல்ட்டை 5 ஆக இறக்க எல்எம்2596 என்ற ரெகுலேட்டர் சில்லு உள்ள சின்ன நீலப் பலகை. தண்ணீர் எல்லைக்கு மேல் வந்தால் முதலில் சைரன், பிறகு என் குரலில், "தண்ணி ஏறுது, எழுந்திரிங்க". அடுத்து பர்மியத்தில், "யே தெட் லா பீ". பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் புரிய வேண்டாமா?

கரண்ட்டை நம்ப முடியாது. அது வந்தால் தெருவே "மீ லா பீ" என்று கத்துகிற ஊர் இது. சோலார் வைக்கலாமே என்பீர்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இங்கே வெயிலைக் கண்ணில் பார்ப்பதே அபூர்வம். அதோடு ஆற்றோரத்தில் தகடு ஒரு வாரம் தாங்காது, யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் மழைக்கு முன் பேட்டரியை ஒருமுறை நிறைத்துவிட வேண்டும், அது அக்டோபர் வரை தாங்க வேண்டும். இதுதான் கணக்கு.

மேசையில் வைத்து மீட்டரைத் தொடராகச் சேர்த்தேன். 62 மில்லி ஆம்பியர். 7 ஆம்பியர் மணி என்றால் 7000 மில்லி ஆம்பியர் மணி. அதை 62-ஆல் வகுத்தால் 113 மணி நேரம், ஐந்து நாளுக்கும் குறைவு. பேட்டரி மேல் தப்பில்லை.

கால் மணிக்கு ஒருமுறை அரை நொடி அளந்தால் போதும். மீதி நேரமெல்லாம் சும்மா எரிகிறது. டிஎஃப்பிளேயர் பாட்டுப் பாடாமலே இருபது மில்லி ஆம்பியர் போல இழுக்கிறது, உணரி கொஞ்சம், ரெகுலேட்டர் தன் பங்குக்கு ஐந்து முதல் பத்து. ஆக, அளக்கும்போது மட்டும் ரெகுலேட்டரை எழுப்பி, மற்ற நேரம் தூங்கவைக்க வேண்டும். மைக்ரோகண்ட்ரோலர்தான் அதைச் செய்ய வேண்டும். கேட்பதற்கு ஒரு வரி வேலை.

முதல் சிக்கல், அந்த மைக்ரோகண்ட்ரோலரே இதே ரெகுலேட்டரில் தான் சோறு தின்கிறது. உட்கார்ந்த கிளையை வெட்டின கதையாகிவிடும். அதற்குத் தனி ஊட்டம் வேண்டும், அதுவும் எப்போதும் இருக்க வேண்டும், அது தனக்கென்று எதுவும் தின்னக் கூடாது. 7805 போடலாமா என்றால் அது சும்மா இருக்கவே ஐந்து மில்லி ஆம்பியர் கேட்கும். ஹெச்டி7550 என்று மூன்று கால் சில்லு ஒன்று இருக்கிறது, பார்க்க டிரான்சிஸ்டர் மாதிரி. 24 வோல்ட் வரை தாங்கும், சும்மா இருக்கும்போது இரண்டு மூன்று மைக்ரோ ஆம்பியர்தான். 100 மில்லி ஆம்பியருக்கு மேல் தராது. நமக்கு அவ்வளவு தேவையும் இல்லை. அதன் 5 வோல்ட்டை ப்ரோ மினி மின்சாரம் வாங்கும் விசிசி காலில் நேரே கொடுத்தேன். பலகையிலிருந்த ரெகுலேட்டரையும் பவர் எல்இடியையும் பிடுங்கிவிட்டேன். அந்த எல்இடி ஒன்றே சில மில்லி ஆம்பியர் தின்னும்.

இனி எல்எம்2596-ஐ அணைப்பது. இதில்தான் இரண்டு தடவை வழி தவறினேன்.

முதல் தடவை, சோம்பேறித்தனம். கையில் ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் இருந்தது. மின்சாரத்துக்குக் கதவு மாதிரி ஒரு ஸ்விட்ச்: திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். உணரி, பிளேயர் இரண்டின் கிரவுண்ட் ஒயரையும், அதாவது மைனஸை, அதன் வழியாக விட்டு, மைக்ரோகண்ட்ரோலர் காலால் திறந்து மூடினேன். சைரனுக்கு அப்படித்தான் செய்திருந்தேன், அழகாக வேலை செய்தது. இங்கே மூடிய பிறகும் பிளேயர் அணையவில்லை. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். சைரனுக்கு இரண்டே ஒயர். ஒன்றை வெட்டினால் கதை முடிந்தது. உணரிக்கும் பிளேயருக்கும் சிக்னல் ஒயர்கள் உண்டு. கிரவுண்ட் போனதும் மின்சாரம் சில்லுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக, உணரியை அளக்கச் சொல்லும், பூஜ்யத்தில் நிற்கும் டிரிக் ஒயரைப் பிடித்து மைக்ரோகண்ட்ரோலரின் காலுக்குள் இறங்குகிறது. வாசலைப் பூட்டினால் ஜன்னல் வழியாகப் போகிற மாதிரி. ஏடிமெகாவின் ஒரு கால் தாங்கும் உச்சவரம்பே 40 மில்லி ஆம்பியர். அப்படியே விட்டிருந்தால் கால் கருகியிருக்கலாம். சிக்னல் ஒயர் உள்ள எதற்கும் கிரவுண்டை வெட்டாதீர்கள்.

இரண்டாம் தடவை, மேல்பக்கம். பேட்டரி பிளஸ்ஸுக்கும் எல்எம்2596-க்கும் நடுவில் ஐஆர்எஃப்9540, பி சேனல் மாஸ்ஃபெட். மாஸ்ஃபெட்டைத் திறக்க மூடச் சொல்லும் காலுக்கு கேட் என்று பெயர். அந்தக் கேட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், கேட்டை நேரே மைக்ரோகண்ட்ரோலர் காலில் கட்டினேன். பூஜ்யம் கொடுத்தால் திறக்கிறது. ஒன்று, அதாவது 5 வோல்ட், கொடுத்தால் மூட வேண்டும். மூடவில்லை.

இதை நண்பர் ஒருவர் லபே யே கடையில், அதாவது டீக்கடையில், உட்கார்ந்து சிகரெட் அட்டையின் பின்பக்கம் வரைந்து காட்டினார். பி சேனல் மாஸ்ஃபெட் மூட வேண்டுமென்றால் கேட் பேட்டரி அளவுக்கு, அதாவது 12.6 வோல்ட் வரை ஏற வேண்டும். என் கால் 5 வோல்ட்டில் நிற்கிறது. மாஸ்ஃபெட்டுக்கு அது இன்னும் ஏழு வோல்ட் கீழே, திறந்தே கிடக்கும். அதைவிட மோசம், அந்த 10 கிலோ ஓம் வழியாக பேட்டரி என் மைக்ரோகண்ட்ரோலருக்குள் முக்கால் மில்லி ஆம்பியர் திணித்துக்கொண்டிருந்தது. அது தூங்கும்போது குடிப்பது பத்து மைக்ரோ ஆம்பியர் கூட இல்லை, ஹெச்டி7550-க்கோ கொடுக்கத்தான் தெரியும், திருப்பி வாங்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து அளந்தேன். 5 வோல்ட் தடத்தில் 5.7 நின்றது. ஆறுதான் ஏடிமெகாவின் எல்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நடுவில் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போட்டு, அது கேட்டைக் கீழே இழுக்கும்படி செய்தால் போதும். மைக்ரோகண்ட்ரோலர் டிரான்சிஸ்டருக்குக் கட்டளை போகும் பேஸ் காலை மட்டும் பார்த்துக்கொள்ளும், 12 வோல்ட் அதன் பக்கமே வராது. 7805 மாதிரி அணைக்கும் கால் இல்லாத ரெகுலேட்டருக்கு இதுதான் சரியான வழி. சாலிடர் அடிக்க உட்கார்ந்துவிட்டேன் கூட.

அப்போதுதான் எல்எம்2596-க்கு ஐந்து கால் இருப்பது உறைத்தது. வருஷக்கணக்காக இந்த நீலப் பலகையை வாங்குகிறேன், ஸ்குருவைத் திருகி வோல்ட் வைக்கிறேன், சில்லை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. எழுத்து நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக: உள்ளே வரும் மின்சாரம், வெளியே போவது, கிரவுண்ட், வோல்ட்டைச் சரிபார்க்கும் பின்னூட்டக் கால், ஐந்தாவது திறக்க மூட. பலகை செய்தவர்கள் அந்த ஐந்தாம் காலைக் கிரவுண்டோடு சேர்த்துப் பற்றவைத்து, எப்போதும் திறந்தே இருக்கும்படி விட்டிருக்கிறார்கள்.

இந்தக் கால் கொஞ்சம் தலைகீழ். பூஜ்யம் கொடுத்தால் திறக்கும், மேலே இழுத்தால் மூடும். 0.6 வோல்ட்டுக்குக் கீழே நிச்சயம் திறப்பு, 2 வோல்ட்டுக்கு மேலே நிச்சயம் மூடல், நடுவில் 1.3 வாக்கில் மனம் மாறும். 25 வோல்ட் வரை தாங்கும் என்பதால் 5 வோல்ட் காலை நேரே கட்டலாம், டிரான்சிஸ்டரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். மூடினால் சில்லு குடிப்பது வழக்கமாக 80 மைக்ரோ ஆம்பியர்.

காலைத் தூக்குவது பொறுமையான வேலை. கிரவுண்ட் தகடு சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடுவதால் சாலிடர் சீக்கிரம் உருகாது. புதுச் சாலிடர் கொஞ்சம் வைத்து உருக்கி, தையல் ஊசியைக் காலுக்கு அடியில் நுழைத்து, மெதுவாக நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் கால் முறியும். தூக்கிய காலுக்கு மெல்லிய எனாமல் ஒயர் ஒன்று, அதன்மேல் சூட்டுப் பசை ஒரு சொட்டு.

இன்னொரு விஷயம். அந்தக் காலை எதிலும் கட்டாமல் அந்தரத்தில் விட்டால் ரெகுலேட்டர் திறந்துகொள்ளும். மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகி விழிக்கும் முதல் நொடிகளில் அதன் கால்களும் அந்தரம்தான். அதனால் ஐந்தாம் காலுக்கும் ஹெச்டி7550-இன் 5 வோல்ட்டுக்கும் நடுவே 100 கிலோ ஓம் ஒன்று போட்டேன். யாரும் எதுவும் சொல்லாதபோது மூடியே இருக்கும். (12 வோல்ட்டுக்கு இழுத்துவிடாதீர்கள். 5.7 வோல்ட் கதைதான் திரும்ப வரும்.)

கடையில் கிடைக்கும் நீலப் பலகை எல்லாவற்றிலும் அசல் சில்லு இருக்கும் என்று சொல்ல முடியாது. காலைத் தூக்கியதும் முதலில் தனியாக, வேறு எதையும் இணைக்காமல், திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். என்னுடையது மூடியபோது 83 மைக்ரோ ஆம்பியர் காட்டியது. போதும்.

எல்லாவற்றையும் சேர்த்து, தூங்க வைத்து, மீட்டரைப் பார்த்தேன். 2.9 மில்லி ஆம்பியர். 62-ஐப் பார்த்தால் சொர்க்கம்தான், ஆனால் கணக்குப்படி 0.1 அல்லவா வந்திருக்க வேண்டும்?

அன்று ராத்திரி கரண்ட் போனது நல்லதாயிற்று. இருட்டில்தான் தெரிந்தது, நீலப் பலகையின் சிவப்பு எல்இடி திரி இறங்கிய விளக்கு மாதிரி மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. ரெகுலேட்டர் மூடியிருக்கிறது, அதன் வெளிவாயிலில் 1.9 வோல்ட். எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு ஒயராகக் கழற்றினேன். உணரியின் டிரிக், பதில் சொல்லும் எக்கோ இரண்டையும் எடுத்தேன், மாற்றமில்லை. பிளேயருக்குக் கட்டளை கொண்டுபோகும் சீரியல் ஒயரை எடுத்ததும் எல்இடி அணைந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். சீரியல் தடம் சும்மா இருக்கும்போது பூஜ்யத்தில் நிற்காது. ஒன்றில், 5 வோல்ட்டில் நிற்கும். அந்த 5 வோல்ட், நடுவிலிருந்த 1 கிலோ ஓம் வழியாகப் பிளேயரின் காலுக்குள் நுழைந்து, அங்கிருக்கும் பாதுகாப்பு டயோடைத் தாண்டி, அதன் பிளஸ் தடத்துக்கு ஏறி, அங்கிருந்து பின்பக்கமாக நீலப் பலகைக்கு வந்து விளக்கேற்றிக்கொண்டிருக்கிறது. கிரவுண்டை வெட்டியபோது கீழ்வழியாகக் கசிந்ததே, அதே ஆசாமிதான், இப்போது மேல்வழியாக.

மருந்து நிரலில்தான். ரெகுலேட்டரை மூடுவதற்கு முன்னால் சீரியலை நிறுத்தி, அந்தக் காலைப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். டிரிக் காலும் பூஜ்யம். எக்கோ காலை 5 வோல்ட்டுக்கு இழுத்துவைக்கும் உள் ரெசிஸ்டரைப் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். திறக்கும்போது வரிசை மாறும்: முதலில் ரெகுலேட்டர், கொஞ்சம் காத்திருந்து பிறகுதான் சிக்னல்கள்.

இப்போது 0.41. இன்னும் முந்நூறு மைக்ரோ ஆம்பியர் எங்கோ ஒழுகுகிறது. இது நானே வைத்துக்கொண்ட ஓட்டை. பேட்டரி வோல்ட்டை அளக்க 30 கிலோ ஓம், 10 கிலோ ஓம் இரண்டையும் தொடராகப் போட்டிருந்தேன். 12.6-ஐ 40 ஆயிரத்தால் வகுத்தால் 315 மைக்ரோ ஆம்பியர், ராப்பகலாக. அதை எடுத்து 1 மெகா ஓம், 330 கிலோ ஓம் போட்டேன். இவ்வளவு பெரிய ரெசிஸ்டர் என்றால் அளவு தடுமாறும், அதனால் கீழ் ரெசிஸ்டருக்கு இணையாக 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர். அந்த ஓட்டை பத்து மைக்ரோ ஆம்பியருக்குள் அடங்கிவிட்டது.

0.11 மில்லி ஆம்பியர்.

இந்த எண்ணைப் பார்ப்பதற்கே ஒரு சாயங்காலம் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். மீட்டரை மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்தால் பெட்டி விழித்த உடனே செத்து, திரும்ப விழித்து, திரும்பச் செத்தது. நிரலில் பிழை என்று வரி வரியாகத் தேடினேன். பிழை மீட்டரில். மைக்ரோ அளவில் மீட்டருக்குள் நூறு ஓம் போல ஒரு ரெசிஸ்டர் தொடராக நிற்கிறது. பெட்டி விழித்து 60 மில்லி ஆம்பியர் கேட்டால் அந்த ரெசிஸ்டரிலேயே ஆறு வோல்ட் போய்விடும். அதனால் மீட்டரின் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு முதலைக் கிளிப் ஒயரைப் போட்டுவைத்து, பெட்டி தூங்கிய பிறகு அதை எடுத்துப் படிக்க வேண்டும். விழிப்பதற்குள் மறுபடி போட்டுவிட வேண்டும். கிளிப்பை மறந்து மில்லி ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போக்கியவர்களும் உண்டு. நான் போக்கியது இரண்டு.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏடிமெகாவுக்குள் இருக்கும் வாட்ச்டாக் என்ற கடிகாரம் அதிகபட்சம் எட்டு நொடிக்கு ஒருமுறைதான் எழுப்பும். 113 தடவை எழுந்து எழுந்து படுத்தால் கால் மணி. அந்தக் கடிகாரம் துல்லியமில்லை, என்னுடையது பதினாறு நிமிடத்துக்கு ஓடுகிறது. ஆறு அதற்குள் ஓடிவிடாது.

பெகுவுக்குக் கொண்டுபோய்க் கம்பத்தில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் சித்தியின் போன். "என்னப்பா வச்சிட்டுப் போனே? ராத்திரி பூரா கொல்லையில டக்கு டக்குங்குது. பக்கத்து வீட்டம்மா நாட் தட்டுதுங்கறாங்க." அந்தம்மா வாசலில் தேங்காயும் வாழைப்பழமும் வைத்துவிட்டாராம். நாட் என்றால் பர்மியர் கும்பிடும் ஆவி. ஆனால் இது நாட் இல்லை, டிஎஃப்பிளேயர். அளப்பதற்காக ரெகுலேட்டர் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிளேயரும் உயிர் பெற்று, ஸ்பீக்கரில் ஒரு "டக்". கால் மணிக்கு ஒரு டக். பகலில் மேசை மேல் எனக்கு அது கேட்டதே இல்லை.

பிளேயருக்குத் தனிக் கதவு வைத்தேன். நீலப் பலகையின் 5 வோல்ட் தடத்தில் ஏஓ3401, எறும்பளவு பி சேனல் மாஸ்ஃபெட். இங்கே நடுவில் டிரான்சிஸ்டர் தேவையில்லை, தடமும் 5 வோல்ட், காலும் 5 வோல்ட். வழக்கமாகக் கேட்டிலிருந்து, மின்சாரம் உள்ளே வரும் சோர்ஸ் காலுக்குப் போடும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் போடவில்லை. போட்டிருந்தால், மூடும்போது உயர நிற்கும் என் கால் அதன் வழியாகச் செத்த தடத்துக்குள் மறுபடி கசியும். தடமே செத்துக் கிடக்கும்போது கேட் எப்படி நின்றால் என்ன? தண்ணீர் எல்லை தாண்டினால்தான் பிளேயர் திறக்கும். திறந்த பின் மெமரி அட்டையைப் படித்துத் தயாராக மூன்று நொடி கொடுக்க வேண்டும். அதுவரை சைரன் பார்த்துக்கொள்கிறது.

உணரியைப் பற்றி இரண்டு வார்த்தை. இருபத்தைந்து சென்டிமீட்டருக்குக் கிட்டே அதற்குக் கண் தெரியாது, அதனால் கம்பத்தை உயரமாக்கினோம். விழித்ததும் வரும் முதல் அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த ஐந்தில் நடுவானதை எடுக்கிறேன். சிலந்தி ஒருமுறை அதன் வாய்க்குள் கூடு கட்டி, வெள்ளம் வந்ததாகச் சொல்ல வைத்தது. சித்தப்பா வாரம் ஒருமுறை துடைப்பக் குச்சியால் தட்டிவிடுகிறார்.

ஜூன் தொடக்கத்தில் மாட்டும்போது பேட்டரி 12.94 வோல்ட். ஆகஸ்ட்டில் ஒரு விடியற்காலை மூன்று மணிக்குக் கத்தியிருக்கிறது. தண்ணீர் வாசல் முதல் படி வரை வந்து நின்றுவிட்டது. மூட்டைகளைப் பரணில் ஏற்றியது ஏற்றியபடி இன்னும் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் போய் அளந்தேன், 12.68. நான் சுமந்துபோன மாற்று பேட்டரியை அப்படியே திரும்பச் சுமந்துவந்தேன். இந்தக் கணக்கில் பெட்டி தின்றதைவிட, பேட்டரி வெப்பத்தில் தானாக இழந்ததுதான் அதிகம்.

நாட் ஆவிக்குத் தேங்காய் வைத்த அந்தம்மா தன் வீட்டுக்கும் ஒன்று கேட்கிறார், பர்மியம் மட்டும் பேசினால் போதுமாம். இரண்டு நீலப் பலகை வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றில் நேற்று ராத்திரி கால் முறிந்துவிட்டது.